சரித்திரம் ஓடுகிறார்

படகுத்துறையைத் தாண்டி இருநூறு அடி ஓடியதுமே வழிகாட்டிக்கு உயிர் போய்விடும் போலிருந்தது. பின்னால் ஒன்பது பேர், ஒன்பது ஜோடி கலர் கலரான ஷூக்களில், துள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்னும் ஆறேமுக்கால் கிலோமீட்டர் பாக்கி.

'ஆற்றோர அழகு ஓட்டம்: ஓடிக்கொண்டே ஊர் பார்ப்போம்' என்று பலகை வைத்தது சுற்றுலா அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேடம். வயது முப்பது, மாரத்தான் ஓடுகிறவர். நடந்து ஊர் பார்க்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது என்பது அவர் கட்சி. வழிகாட்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. தொப்பைக்குத் தனியாக வயது போடலாம். பதினேழு வருஷமாகத் தற்காலிக வேலை.

"ஒரு மாசம் நடத்திக் காட்டுங்க சார். உங்களை நிரந்தரமாக்குற ஃபைல் என் மேஜைலதான் இருக்கு. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கலாம்" என்றார் மேடம்.

அதற்கப்புறமும் முடியாது என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

ஊரில் அவருக்குச் 'சரித்திரம்' என்று பட்டப்பெயர். பேராசிரியை ஒருவர் எழுதிய ஊர் வரலாறு அவருக்கு அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம். அதிலுள்ள பன்னிரண்டு இடங்களைத்தான் பதினேழு வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. "என் வாயில பொய் வந்தா நாக்கு அழுகிடும்" என்று மார்தட்டுவார். நடக்கிறவனுக்குப் பன்னிரண்டு இடம் தாராளம். ஓடுகிறவனுக்கு எங்கே போதும்? முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே எண்ணூறு மீட்டர்.

கால் மடங்கியது. பக்கத்தில் இருந்த செங்கல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் முன்னால் வந்த பல் டாக்டர்.

மூச்சு வாங்குது என்று சொன்னால் வேலை போச்சு.

"இந்தச் சுவர்..." என்றார். நாலு மூச்சு விட்டார். "அந்தக் காலத்துல... இதைத் தொடாம..." மறுபடி நாலு மூச்சு. "ஒரு படகோட்டியும் ஆத்துல இறங்கினதில்ல."

"பாருங்க, சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைக்குது!" என்றார் பல் டாக்டர்.

ஒன்பது பேரும் வரிசையாகச் சுவரைத் தொட்டார்கள். அதற்குள் இரண்டு நிமிஷம் கிடைத்தது. சொர்க்கம்!

அடுத்தது தையல்கடை வாசல். அங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. படியில் உட்கார்ந்தேவிட்டார்.

"இந்தப் படியிலதான் தளபதி உட்கார்ந்து, சரணடையலாமா வேண்டாமான்னு யோசிச்சார்."

ஒன்பது பேரும் முறை வைத்து உட்கார்ந்து யோசித்தார்கள்.

பழைய பாலத்தின் நடுவில் போனபோது உட்காரக்கூடத் தெம்பில்லை. மல்லாந்து விழுந்தார். மேலே ஒன்பது தலைகள் வட்டமாகச் சுற்றின.

"ராணி..." என்றார், கண்ணைத் திறக்காமலே. "ராணி இப்படித்தான்... படுத்துக்கிட்டு... ஆத்துச் சத்தம் கேப்பாங்க."

ஒன்பது பேரும் படுத்தார்கள். சத்தமும் கேட்டதாம். பல் டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைக் கக்கினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நீங்களா பொய் சொன்னீங்க? எங்க அக்கா போன் பண்ணினா நான் தூங்கறேன்னு சொல்லுங்கன்னா, 'தூங்கறதா சொல்லச் சொன்னா'ன்னு சொல்ற ஆளாச்சே!"

"மூச்சு முட்டினதுல புத்தி வேலை செய்யல. நாளைக்கு எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

மறுநாள் காலை அலுவலக வாசலில் முப்பத்தைந்து பேர் நின்றார்கள். பல் டாக்டர் பாலத்தில் படுத்த படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். மேடம் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏன் சார் இத்தனை வருஷம் இதையெல்லாம் ஒளிச்சு வச்சிருந்தீங்க? மூணு இடத்துக்கும் பலகைக்குச் சொல்லிட்டேன்!"

வழிகாட்டி வாயைத் திறந்தார். முப்பத்தைந்து பேர் கைதட்டினார்கள். வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஓட்டத்தில் மேலும் இரண்டு இடங்கள் சேர்ந்தன.

ஒரு வாரத்தில் சுவர் ஆட்டம் கண்டது. தினம் நூறு பேர் தொட்டால் செங்கல் என்ன செய்யும்? நகராட்சி வந்து கம்பி வேலி போட்டது. அதனால் பிடித்துக்கொள்ளச் சுவர் போயிற்று. இருபது அடி முன்னாலேயே ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஓர் ஒற்றனைப் பிடித்துக் கட்டியதாகச் சொல்லவேண்டி வந்தது.

தையல்காரர் வீடு தேடி வந்துவிட்டார்.

"என் கடைக்குள்ள நானே போக முடியல சார். எந்நேரமும் நாலு பேர் படியில உட்கார்ந்து சரணடையலாமா வேண்டாமான்னு யோசிச்சிக்கிட்டே இருக்காங்க. அந்தத் தளபதியை வேற எங்கயாவது கொண்டுபோய் வைங்க. புண்ணியமாப் போகும்."

நியாயம்தானே? மறுநாள் வழிகாட்டி, தளபதி படியில் யோசிக்க மட்டும்தான் செய்தார், முடிவெடுத்தது எதிரே முடிதிருத்தும் கடையில்தான் என்று மாற்றிவிட்டார். கூட்டம் அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மூன்றாம் நாள் தையல்காரர் மறுபடி வந்து நின்றார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? உட்கார வந்தவன்ல பாதிப் பேர் சட்டைக்கு அளவு குடுத்துட்டுப் போயிட்டிருந்தான். இப்ப எல்லாரும் எதிர்ல போய்த் தலைமுடியை வெட்டிக்கறான். தளபதியைத் திருப்பிக் குடுங்க!"

பாலத்தின் கதை இன்னும் மோசம். ராணியைப் போலப் படுத்தவர்கள் எழுந்தால்தானே பஸ் போகும்? போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போனார்.

"எழுந்திருங்கன்னா, 'உஷ், ராணி'ங்கறாங்க சார். எந்த ராணி? எனக்கு டூட்டி எட்டு மணிவரைக்கும். நான் அவங்களைக் கேக்கவா, உங்களைக் கேக்கவா?"

மனைவிதான் ஒரு வழி சொன்னாள்.

"மூச்சு வாங்கறதாலதானே நிக்கறீங்க? நின்னாத்தானே புளுகறீங்க? தினம் காலையில ஓடிப் பழகுங்க. மூச்சு வாங்கலைன்னா பொய்யும் வராது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. விடிந்ததும், யாரும் கவனிக்காத பின்தெரு ஒன்றில் ஓடிப் பார்த்தார். மூன்றாவது வீட்டு வாசலில் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றார். மேலே ஜன்னல் திறந்தது.

"என்னங்க, சீக்கிரம் வாங்க! சரித்திரம் சார் நம்ம வீட்டு முன்னாடி நிக்கறார்!"

வீட்டுக்காரர் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "இங்க யார் சார் இருந்தாங்க?"

"யாருமில்லங்க. எனக்கு மூச்சு வாங்குது. அவ்வளவுதான்."

எத்தனை நாளைக்கப்புறம் ஓர் உண்மை! வழிகாட்டிக்கே நெஞ்சு குளிர்ந்தது.

வீட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பி, "சொல்ல மாட்டேங்கறார். ஏதோ பெரிசா நடந்திருக்கு" என்றார்.

சாயங்காலமே அந்த வாசலில் பதினைந்து பேர் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் பழகியதில் இப்படி ஐந்து வாசல் சேர்ந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது மேடம் கூப்பிட்டார்.

"சார், நல்ல சேதி. ஊர் வரலாறு புதுப் பதிப்பு வருது. உங்க பதினொரு இடத்தையும் அதுல சேர்க்கறோம். புத்தகம் எழுதின பேராசிரியை அம்மாவே நாளைக்கு நேர்ல வந்து சரிபார்க்கறாங்க. அவங்க கையெழுத்துப் போட்டதும் நானும் உங்க ஃபைல்ல போட்டுடறேன்."

"அவங்க... போடலைன்னா?" என்றார் வழிகாட்டி.

"ஏன் போட மாட்டாங்க? நீங்களா புளுகப் போறீங்க?"

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். யாருடைய புத்தகத்தை வேதமாக நினைத்துப் படித்தாரோ, அந்த அம்மா முன்னால் புளுகனாக நிற்கவேண்டும்.

மனைவி அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கேலி இல்லை.

"உண்மையைச் சொல்லிடுங்க. வேலை போனாப் போகட்டும். நீங்க இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கறதை என்னால பார்க்க முடியல."

"சொல்லவும் தைரியம் வரல. நாளைக்கு ஒரு நாள் நிக்காம ஓடிடறேன். நிக்கலைன்னா அந்த எடத்தைப் பத்திப் பேச வேண்டியதில்ல."

மறுநாள் பேராசிரியை வந்தார். எழுபது வயது, ஒல்லி உடம்பு, கையில் ஒரு நோட்டு. அலுவலகத்தின் சின்ன பேட்டரி வண்டியில் மேடம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழிகாட்டி முன்னால் ஓடினார்.

விளக்குக் கம்பத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. சுவரைத் தாண்டினார்.

"இங்க ஏதோ இருக்குன்னு சொன்னாங்களே?" என்றார் பேராசிரியை வண்டியிலிருந்து.

"ஒண்ணு... மில்ல... ம்மா."

தையல்கடை வாசலில் தையல்காரரே, "சார், படி! படி!" என்று கத்தினார். நிற்கவில்லை. முடிதிருத்துபவர் நாற்காலியைத் தெருவுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார். அதையும் சுற்றிக்கொண்டு ஓடினார். முகம் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு சொல்லமுடியாத ஒரு நிறத்துக்கு வந்தது.

பாலத்தின் நடுவில் கால் இரண்டும் கைவிட்டன. மல்லாந்து விழுந்தார். பக்கத்தில் ஏற்கெனவே படுத்திருந்த ஒரு குடும்பம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

போலீஸ்காரர் வண்டியைப் பாலத்துக்குள் விடவில்லை. மேடம் அதை நிறுத்த இடம் தேடிப் போனார். பேராசிரியை இறங்கி மெதுவாக நடந்து வந்து, வழிகாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"இதுதான் ராணி படுத்த எடமா?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வழிகாட்டி படுத்தபடியே கைகூப்பினார்.

"ராணி இல்லம்மா. தளபதியும் இல்ல. ஒற்றனும் இல்ல. நான் விழுந்த எடம் இது. உட்கார்ந்த எடம் அந்தப் படி. பதினொண்ணும் எனக்கு மூச்சு வாங்கி நின்ன எடம்மா. வேலைக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். பதினேழு வருஷமா உங்க பன்னிரண்டு எடத்தை அப்பழுக்கில்லாமச் சொன்னவன் நான். இந்த ஒரு மாசத்துல எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த குடும்பம், ராணிக்காக அழுகிறார் என்று நினைத்துத் தானும் மூக்கை உறிஞ்சியது.

பேராசிரியை நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினோரு இடத்துக்கும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு முடித்தார்.

வழிகாட்டி பதறி எழுந்து உட்கார்ந்தார். "அம்மா! பொய்யின்னு சொல்றேன், கையெழுத்துப் போடறீங்களே!"

மேடம் வருகிறாரா என்று பேராசிரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வழிகாட்டியின் காதோரம் குனிந்தார்.

"எங்க வாத்தியார் ஊர் சுத்திக் காட்டறப்ப விறுவிறுன்னு நடப்பார், எனக்கோ சின்ன வயசுலேருந்தே இளைப்பு, அந்தப் பன்னிரண்டும் நான் மூச்சு வாங்க நின்ன எடம்தான், தம்பி."