அரசு முதல் வாடிக்கையாளர்

தாராவியில் எங்கள் சந்தில் கடையைத் திறப்பது வேறு, வியாபாரத்தைத் திறப்பது வேறு. ஷட்டரைத் தூக்க கை போதும். வியாபாரம் திறக்க போணி ஆக வேண்டும். அன்றைக்கு முதலில் வருகிறவர் பேரம் பேசக் கூடாது, கடன் சொல்லக் கூடாது, வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அவர் தரும் ரூபாயைக் கண்ணில் ஒற்றிக் கல்லாப் பெட்டியில் போட வேண்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், மராட்டிக்காரர், உத்தரப் பிரதேசத்து பையா என்று அத்தனை பேரும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே சட்டம் இதுதான். யாரும் கூடி உட்கார்ந்து இயற்றாததால் ஒழுங்காக நடந்து வந்தது.

அதிலும் போணி பண்ணுகிற கை முக்கியம். சிலர் கை பட்டால் கூட்டம் அள்ளும். சிலர் கை பட்டால் அன்றைக்கு ஈ கூட விலை கேட்காது. பக்கத்துக் கடையில் பள்ளிக்கூடப் பை தைத்து விற்கும் முகைதீன் பாய், நாட்டுப் பொருளாதாரம் முழுவதையும் இதை வைத்தே விளக்கிவிடுவார்.

"அந்தக் காலத்துல நாலணா போணி ஆனா சாயங்காலம் கல்லாவ மூட முடியாது தங்கச்சி. இப்போ ஐநூறு ரூவாத் தாள்ல போணி ஆவுது, கடையடைக்கையில பெட்டிக்குள்ள காத்துதான் கெடக்கு. என்ன காரணம்?"

"விலைவாசிதான் பாய்."

"விலைவாசி எதுக்கு ஏறுச்சு?"

"தெரியலயே."

"கைராசிக்காரங்க கொறஞ்சு போயிட்டாங்க. வேற ஒண்ணுமில்ல."

என் வீட்டுக்காரர் இசக்கிராஜ் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ எவனையோ அடிப்பதால்தான் இங்கே சமையல் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று டிவியில் கோட்டுப் போட்டவர் சொன்னால் பயபக்தியோடு தலையாட்டுவார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அடிக்கிறவன் கையும் ராசியில்லாத கைதானே?

நான் இட்லி மாவு விற்கிறேன். சாயங்காலம் ஆட்டி வைத்தால் விடியும்போது பொங்கி நிற்கும். சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சிமார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் தாய்மார் எல்லாரும் ஒன்பது மணிக்குள் வாங்கி முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் மாவு புளிக்கும், வாங்க வருகிறவர்கள் முகமும் புளிக்கும். வீட்டு வாடகை, மகள் அம்முவின் பால்வாடிச் செலவு எல்லாம் அந்தக் காலை நேரத்துக்குள்தான் இருக்கிறது. பக்கத்துச் சயானில் மெஷின் மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. ஒருதரம் அந்தப் பக்கம் போன வாடிக்கை திரும்பி வராது.

இப்படியிருக்க, எங்கள் சந்து 'முழு டிஜிட்டல் மாதிரிச் சந்து' ஆகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தனை சந்து இருக்க எங்கள் சந்து ஏன் என்று கேட்டதற்கு, இங்கேதான் ஜீப் திரும்ப முடிந்தது என்றார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஜெயகணேஷ் சார். மாட்டுங்காக்காரர். 'தொடக்கநிலைப் பரிவர்த்தனை நெறிப்படுத்தல் மற்றும் வசதிப்படுத்தல் பிரிவு' என்று ஓர் அலுவலகத்துக்கு அதிகாரி. அலுவலகத்தின் பெயரை ஒரு மூச்சில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரை அதிகாரி ஆக்கியதாகக் கேள்வி.

எங்கள் சந்தில் ஏற்கெனவே எல்லாக் கடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. காசு வந்தால் கத்துகிற டப்பாவும் இருக்கிறது. போணி மட்டும்தான் ரொக்கம். அது அவருடைய கம்ப்யூட்டரில் தினமும் காலையில் சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறதாம். நேரே என்னிடம் வந்தார்.

"முதல் வியாபாரத்தை மட்டும் ஏன் கையில வாங்கறேள்?"

"கண்ணுல ஒத்திக்கணும் சார்."

"போனைக் கண்ணுல ஒத்திக்கோங்கோளேன்."

"போனுக்குள்ள சீட்டுக்காரரு, வாடகைக்காரரு எல்லாரும் இருக்காவளே சார். அவியளையும் சேத்துல்ல கண்ணுல ஒத்தணும்?"

அவர் யோசித்தார். அதிகாரி யோசிப்பதைக் கிட்டத்தில் நின்று பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மோட்டார் ஓடுகிறது, கல் சுற்றவில்லை என்பதுபோல் இருந்தது.

"ரெண்டாவது வியாபாரத்துல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"இல்ல சார்."

"மூணாவதுல?"

"அதுலயும் இல்ல."

"ஆக, பிரச்னை முதல் வியாபாரத்துல மட்டும்தான். எடுத்துட்டாப் போச்சு!"

மறுவாரம் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். 'மேற்படி சந்திலுள்ள அனைத்து வணிகர்களும் இனி தங்கள் அன்றாட வியாபாரத்தை இரண்டாவது விற்பனையிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். முதல் விற்பனை செய்வோர் கடைக்குச் சீல் வைக்கப்படும்.'

நாங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். எல்லாரும் கடையைத் திறந்துவைத்து இரண்டாவது வாடிக்கையாளருக்காகக் காத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் முதல் வாடிக்கையாளராகவே வந்தார்கள். திருப்பி அனுப்பினோம்.

முகைதீன் பாய் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார்: "சார், ரெண்டாவது வியாபாரம்னா எதுக்கு அடுத்து?"

சாருக்கு இந்தக் கோணம் புதிது. மூன்று கூட்டம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலில் பொதுமக்கள்தானே வாங்கக் கூடாது? அரசே வாங்கலாம். அப்படிப் பிறந்ததுதான் 'அரசு முதல் வாடிக்கையாளர்' என்ற பதவி. ஒப்பந்த அடிப்படையில் கல்யாணிலிருந்து சுயம்பு என்கிற பையன் வந்து சேர்ந்தான். கழுத்தில் அட்டை, கையில் அலுவலகப் போன். கடை கடையாகப் போய் ஒரு ரூபாய்க்குப் பொருள் வாங்கி, ஸ்கேன் பண்ணிவிட்டு, "நடத்துங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் நாங்கள் விற்கலாம்.

இந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. முகைதீன் பாய் ஒரு ஜிப்புத் தலையைக் கழற்றிக் கொடுத்தார். மளிகைக் கடையில் ஏழெட்டுக் கடுகு. பூக்காரி ஒரு மல்லிகை மொட்டு, அதுவும் நேற்றையது. நான் ஒரு கரண்டி மாவு. அத்தனையும் அரசுச் சொத்து ஆகையால் அலுவலக இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் சுயம்பு வந்து சேருவது பத்து மணிக்கு.

"ஏன் தம்பி, வெள்ளனமே வரக் கூடாதா?"

"ஆபீஸ் டைம் பத்துதான்க்கா. அதுவும் லோக்கல் ரயில்ல கர்தியை, அந்த நெரிசலைப் பாத்தீங்களா? கல்யாண்ல ஏறினா சயான்ல எறங்குறது என் கையில இல்ல. கூட்டம் எங்க தள்ளுதோ அங்கதான் எறங்கணும். நேத்து தாதர் வரைக்கும் போயி ரிட்டர்ன் வந்தேன்."

பத்து மணிக்கு என் மாவு வாளியை விட்டு வெளியே வந்து என்னைத் தேடும். முதல் வாரமே பாதி வாடிக்கை சயான் பாக்கெட்டுக்குப் போனது. விற்காத மாவில் தோசை, பணியாரம், ஆப்பம் என்று சுட்டு வீட்டிலேயே தின்றோம். தோசையைக் கண்டாலே அம்மு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் கிரைண்டரை விற்றுவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்றார் இசக்கிராஜ். நான் ஜெயகணேஷ் சாரைப் பார்க்கப் போனேன்.

"சார், எனக்கு மட்டும் அஞ்சு மணிக்கு விக்க உத்தரவு குடுங்க. மாவு புளிச்சுப் போவுது."

"ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாளே. மாவை ஆபீஸ் நேரத்துக்குப் புளிக்கப் பழக்கக் கூடாதோ?"

"அதுக்கு மணி பாக்கத் தெரியாதே சார்."

"அப்போ அது உங்க பயிற்சியில குறை."

ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. மே மாத வெயில். திங்கள்கிழமையும் அரசு விடுமுறை. சுயம்பு வந்து ஒரு ரூபாய் ஸ்கேன் பண்ணியதும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெரிய டின் நிறைய மாவை ஊற்றி, மூடியை அழுத்திக் கொடுத்தேன்.

"எதுக்குக்கா இவ்ளோ?"

"அரசாங்கத்துக்குக் கொறச்சுக் குடுக்கலாமா தம்பி? பத்திரமா வச்சுப் பூட்டு."

செவ்வாய்க்கிழமை அலமாரியைத் திறந்தார்கள். மாவு டின்னிலிருந்து கிளம்பி, ஜிப்புத் தலைகளைச் சேர்த்துக்கொண்டு, கடுகைத் தாளித்துக்கொண்டு, எல்லாக் கோப்புகளையும் தானே பார்வையிட்டு முடித்திருந்தது. நாலு நாளில் அத்தனை கோப்புகளைத் தொட்ட ஊழியர் அந்த அலுவலகத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். 'கொள்முதல்: ஒரு ரூபாய் மாவு. இருப்பு: ஓர் அலமாரி மாவு. மேற்படி மாவு யார் அனுமதியின் பேரில் பெருகியது?' என்று கேட்டார்கள். இது வளர்ச்சி என்று ஜெயகணேஷ் சார் பதில் எழுதினார். வளர்ச்சி என்றால் மேலிடத்தில் கேட்டு அல்லவா வளர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் திருப்பி எழுதினார்கள். நாற்றம் மேலிடம் வரைக்கும் போனதும் திட்டம் ரத்தானது.

நான் சந்து முழுவதற்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன். மறுநாள் அஞ்சு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிட்டு நின்றேன். இட்லி விற்கும் சொரிமுத்து அண்ணாச்சி தூக்குவாளியோடு வந்தார். வந்தவர் சட்டைப் பையில் கை விடாமல் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மாவு வேண்டாமா?"

"சுயம்பு வரலியா?"

"அந்த ஆணைதான் ரத்தாயிட்டே!"

"ஆணை ரத்துதான் தாயி. கை ரத்தாவலியே."

அப்புறம்தான் எனக்கு விவரம் தெரிந்தது. நான் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைசி இரண்டு வாரத்தில், முகைதீன் பாய் கடையில் பைகள் அள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. தைத்துக் கொடுக்க ஆள் போதவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாம் சுயம்புவின் கை என்று பாய் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்.

"நாப்பது வருஷம் கழிச்சு அந்தக் காலத்துக் கைய மறுபடியும் பாத்துட்டேன் தங்கச்சி!" என்று என்னிடமும் கண்கலங்கினார்.

நான் படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் என்றாலும் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. மறுநாள் வழியில் போன யாரோ ஒரு ஆளுக்குப் பிடிவாதமாக முதல் மாவை விற்றேன். அன்றைக்கே கிரைண்டர் பெல்ட் அறுந்தது. பெல்ட் கல்யாணத்துக்குச் சீராக வந்த கிரைண்டரோடு வந்தது, அம்முவைவிட மூத்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அது நேற்று அறுந்திருக்கலாம், நாளை அறுந்திருக்கலாம். ஏன் இன்றைக்கு அறுந்தது? இசக்கிராஜிடம் கேட்டேன். சிரிக்கிற மனிதர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அந்த வாரமே மனு எழுதினோம். 'சுயம்பு அவர்களைத் திரும்ப எங்கள் சந்துக்கே அனுப்பி, நிரந்தர ஊழியராக்கி, எங்கள் வாழ்வாதாரத்தைக் காக்க வேண்டும்.' சந்தே கையெழுத்துப் போட்டது. நானும் போட்டேன். மாவு விற்க வேண்டாமா? எங்கள் சரித்திரத்தில் அரசு உடனே ஏற்றுக்கொண்ட மனு அது ஒன்றுதான். தண்ணீர்க் குழாய்க்குக் கொடுத்த மனு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

ஒப்பந்த ஊழியராக இருந்தவரை சுயம்பு பத்து மணிக்கு வந்தான். நிரந்தரம் ஆனபின் சுயம்பு சார் பதினொன்றுக்கு வருகிறார். நான் இப்போது மாவை உளுந்து குறைத்து, ஐஸ் தண்ணீர் விட்டு, மத்தியானப் பதத்துக்கு ஆட்டப் பழகிவிட்டேன். வாடிக்கைக்காரர்களும் காலைப் பலகாரத்தை மத்தியானம் சாப்பிடப் பழகிவிட்டார்கள். சயான் பாக்கெட்டுக்குப் போனவர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள். அந்தக் கடைக்குக் கைராசி இல்லையாம்.

நேற்று காலை சுயம்பு சாருக்குக் காத்திருந்த வரிசையில் ஜெயகணேஷ் சாரும் நின்றார். கக்கத்தில் ஒரு கோப்பு.

"என்ன சார், மாவு வாங்கவா?"

"இல்லைம்மா. ப்ரமோஷன் ஃபைல். மேல அனுப்பறதுக்கு முன்னாடி அவன் கையால ஒருதரம் தொட்டுக் கொடுத்துட்டா..." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆத்துல சொல்றா."

என் நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். மணி பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. முகைதீன் பாய் இரண்டு தடவை சந்து முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சொரிமுத்து அண்ணாச்சி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் குந்தினார்.

"ஏன் சார், இன்னைக்கு லீவா இருக்குமோ?" என்றேன்.

"லீவுன்னா என்கிட்டன்னா லெட்டர் கொடுத்திருக்கணும்?"

"குடுத்தாரா?"

சார் நெற்றியைத் தடவினார். முகம் மாறியது.

"நேத்து சாயங்காலம் நான்தாம்மா சாங்ஷன் பண்ணினேன். மூணு நாள்."

அதைக் கேட்டபிறகும் வரிசையிலிருந்து ஒருவரும் நகரவில்லை. ஜெயகணேஷ் சார் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, கால் நீட்டிப் படுக்க இன்னும் மூன்று நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். நான் மாவு வாளியில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.