டவுட்டும் பல்லடத்து செட்டப்பும்

திருப்பூர் வட்டாரத்தில் டவுட்டு அளவுக்குச் சந்தேகப்படும் மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. மழை பெய்தால்கூட, யார் பெய்ய வைத்தது என்று வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று கம்பெனியில் பலருக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார். "எதுக்குங்க கேக்கறீங்க?" என்பார்.

அருள்புரத்தில் நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனி, ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த வாசல். நான் மெர்ச்சண்டைசர். அதாவது, ஷிப்மெண்ட் தாமதமானதற்கு வெளிநாட்டுக்காரர்களிடம் மெயிலில் மன்னிப்புக் கேட்பவன். அவர் செக்கிங் இன்சார்ஜ். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தரும் டிபார்ட்மெண்ட் உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஓட்டை விழுந்த டி-ஷர்ட்டைப் பார்த்தால் அவர் முகம் நிம்மதியாகிவிடும். நல்ல பீஸைப் பார்த்தால்தான் கலக்கம். "ஒரு ஊசி ஓட்டைகூட இல்லீங்களே. எங்கியோ மறைச்சு வெச்சிருக்கறாங்க" என்று உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருப்பார். கேன்டீனில் தன் வடையைப் பிட்டுப் பார்த்த கையோடு, எதிரில் இருப்பவர் வடையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பிட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் சில பேர் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவது வழக்கம். அவரவர் வீட்டில் மேசைமேல் ஒரு ஸ்டியரிங், காலடியில் பெடல். இன்டர்நெட் வழியாக எல்லோரும் ஒரே டிராக்கில் சேர்ந்துகொள்வோம். ஹெட்போனில் மைக் இருப்பதால் ஓட்டிக்கொண்டே பேசலாம், திட்டலாம். இதை நான் கேன்டீனில் யாரிடமோ சொல்வதை டவுட்டு கேட்டுவிட்டார்.

"ஊட்டுக்குள்ள உக்காந்துட்டே கார் ஓட்றீங்களா? எங்க போறதுக்குங்க?"

"எங்கயும் போறதுக்கு இல்லண்ணா."

"அப்புறம் எதுக்கு ஓட்றீங்க?" என்றபடி என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கடத்துகிறேன் என்றே முடிவு கட்டியிருந்தார். அடுத்த ஞாயிறு கையும் களவுமாகப் பிடிக்க என் வீட்டுக்கு வந்தவர், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

கம்பெனி கழித்துப்போட்ட செக்கிங் டேபிளில் ஸ்டியரிங்கை முடுக்கினார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வேன் சீட்டு வந்தது. கூடவே, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் மேசையில் மாட்டினார். கேட்டதற்கு, "ஸ்கிரீன்ல இருக்கற கண்ணாடில பின்னால வர்ற கார்தானுங்க தெரியும். ஊட்டுக்குள்ள பின்னால வர்ற ஆளு தெரியாதில்லீங்களா?" என்றார்.

ஓட்டத்தில் குறை இல்லை. ஆனால் நீளமான நேர்ரோட்டின் முடிவில் ஒரு இடது வளைவு உண்டு. அங்கே பிரேக்கை மிதித்தால் அவர் காரின் பின்புறம் முன்புறத்தை முந்திக்கொண்டு வந்துவிடும். வட்டமடித்து, வந்த திசையைப் பார்த்து நின்று, வருகிறவர்களை வரவேற்பார். முதலில் ஸ்டியரிங் விற்றவனைச் சந்தேகப்பட்டார். பிறகு இன்டர்நெட் கம்பெனியை. அப்புறம் என்னை.

"நீங்க பின்னால வர்றப்பதானுங்க சுத்துது."

"நான் எப்பவும் பின்னாலதானண்ணா வர்றேன்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

உண்மையில் கோளாறு செட்டப்பில். டயரில் எவ்வளவு காற்று, ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், பின் இறக்கை எவ்வளவு சாய்வு, பிரேக் முன் சக்கரத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும், பின் சக்கரத்தில் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் செட்டப் என்று பெயர். அது சரியாக அமைந்தால் கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும். அமையாவிட்டால் டவுட்டு.

எங்கள் கூட்டத்தில் நன்றாக ஓட்டுபவர் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். பெரிய மனிதர், பெரிய பண்ணை, பெரிய மனசு. ஒருநாள் அவராகவே, "என்ற செட்டப்ப அனுப்பறனுங்க, போட்டுப் பாருங்க. கார் அசையாது" என்று தன் ஃபைலை டவுட்டுக்கு அனுப்பிவிட்டார்.

டவுட்டுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. "ஜெயிக்கற செட்டப்ப எவனாவது சும்மா குடுப்பானுங்களா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கணக்கு எளிமையானது: கோழிப்பண்ணைக்காரர் நம்மைக் கவிழ்க்கப் பார்க்கிறார்; ஆகவே அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தால் ஜெயித்துவிடலாம். நிமிர்த்தச் சொன்ன இறக்கையைப் படுக்க வைத்தார். காற்றைக் குறைக்கச் சொன்ன டயரில் ஏற்றினார். அந்த வார ரேஸில் அவர் கார் முதல் வளைவிலேயே தடுப்பைத் தாண்டி, ஜனங்கள் உட்காரும் பக்கம் பறந்தது. "பாத்தீங்களா, என்ன மாதிரி செட்டப் குடுத்திருக்கறாருன்னு?" என்றார்.

கடைசியில், ஆதாரம் திரட்டுவதற்காக என்று சொல்லிக்கொண்டு, கொடுத்த ஃபைலைக் கொடுத்தபடியே போட்டுப் பார்த்தார். கார் அந்த இடது வளைவைக் கோயில் தேர்போல நிதானமாகச் சுற்றி வந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. "இவ்வளவு நல்லா ஓடுதுன்னா உள்ள ஏதோ இருக்குதுங்க" என்றார்.

இதற்குப் பிறகு வீட்டில், ஆபீஸில், வண்டியில் எங்கே பார்த்தாலும் போனில் இதே பேச்சு. "பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் குடுத்த செட்டப் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நம்ப முடியல." "பழைய செட்டப்ப விட்டுட்டு இதோடயே இருந்துட்டா என்னன்னு தோணுதுங்க." எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். ஊர் உலகத்தில் 'செட்டப்' என்றால் சின்ன வீடு என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

டவுட்டின் மனைவி பக்கத்து யூனிட்டில் பவர் டேபிள் மெஷினில் தைக்கிறவர். அதிகம் பேசாதவர். எனக்கு அக்கா மாதிரி. தோசை மாவு அரைத்தால் ஒரு கிண்ணம் என் வீட்டுக்கு வரும். ஒருநாள் மாவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, அவரு செட்டப் செட்டப்னு பேசறாரே. உங்களுக்கும் தெரியுமா?"

"பல்லடத்துல இருக்கறதுதானேக்கா? நல்லாத் தெரியும். அருமையான செட்டப்பு. எனக்கும் அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு."

அக்கா மாவுக் கிண்ணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஏனென்று புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா பல்லடம் பஸ் ஏறியிருக்கிறார். மத்தியானம் எங்கள் ரேஸ் தொடங்கியது. டவுட்டு பல்லடத்து செட்டப்பைத்தான் போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. சந்தோஷமே இல்லை. "இப்பக் கவுக்கும் பாருங்க, இந்த வளைவுல கவுக்கும்" என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஹெட்போனில் முனகிக்கொண்டே வந்தார். கடைசி ரவுண்டும் வந்துவிட்டது.

அப்போது கோழிப்பண்ணைக்காரரின் மைக்கில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஏனுங்க அண்ணா, அருள்புரத்துல செக்கிங்ல இருக்கறாரே, அவரு சம்சாரங்க நானு."

"வாங்க அம்மிணி, உக்காருங்க. ஒரு நிமிஷம், கார் ஓட்டிட்டிருக்கறேன்."

"அவருக்கு நீங்கதான் செட்டப் பண்ணிக் குடுத்தீங்களாமா?"

"ஆமாங்க, நாந்தானுங்க குடுத்தேன்." குரலில் அத்தனை பெருமை. "பாவம், நல்லதா ஒண்ணு அமையாம எத்தனை நாளா சுத்திச் சுத்தி விழுந்துட்டிருந்தாரு. இப்பத்தான் நிலையா நிக்கறாரு."

"இது நல்லாருக்குதுங்களா?"

"நல்லால்லீன்னா குடுப்பனுங்களா? இதையே இன்னும் நாலு பேருக்குக் குடுத்திருக்கறேன். எல்லாரும் சந்தோசமா இருக்கறாங்க."

"இதையேவா?"

"இதையேதானுங்க."

எங்கள் ஹெட்போன்களில் இன்ஜின் சத்தம் மட்டும் ஓடியது. பிறகு டவுட்டு மெதுவாகச் சொன்னார்: "அது என்ற ஊட்டுக்காரி சத்தங்க." முன்னால் போய்க்கொண்டிருந்த கார் வேகம் குறைந்து, புல்தரையில் ஒதுங்கி நின்றது. ஜெயிக்க இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. நாங்கள் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போனோம். வேன் சீட்டு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அடுத்து என் கதவு தட்டப்பட்டது.

"வாங்க, பல்லடம் போலாம். என்னமோ நடக்குது. சாட்சிக்கு ஆள் வேணும்."

அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் அக்கா திருப்பி வாங்கிப்போன மாவு என் மூளைக்கு எட்டியது. "அண்ணா, செட்டப்னா கார் சமாச்சாரம்னு அக்காகிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்லீங்க. அவ வெளிய யாருகிட்டியாவது சொல்லிட்டா?"

பிறகு அவருக்கே விளங்கிவிட்டது. வண்டியை ரோட்டோரம் நிறுத்தினார். டவுன் பஸ் ஒன்று ஹாரனடித்துக்கொண்டே கடந்து போயிற்று. ஊரையே சந்தேகப்பட்டவருக்கு, தன்னை ஒருவர் சந்தேகப்பட முடியும் என்பது அதுவரை தோன்றியதே இல்லை. "என்னையவா?" என்றார். கோபம் இல்லை. யாரோ கிள்ளிவிட்ட குழந்தையின் முகம். மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா, ஸ்டியரிங் முன்னால் இருந்த நாற்காலியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். பண்ணைக்காரர் ஸ்கிரீனைக் காட்டி, டயர் காற்றைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அக்கா எதை நினைத்து வந்தார் என்பது அதற்குள் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

டவுட்டு வாசலிலேயே நின்றார். "என்னையப் போயி நெனச்சிட்டயே" என்றார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "நெனச்சேன். மனசு கெடந்து அடிச்சுது. நேர்ல வந்து கேட்டேன், தீந்து போச்சு. நீங்க எத்தனை பேரைச் சந்தேகப்படறீங்க, ஒருத்தருகிட்டயாவது போயிக் கேட்டிருக்கீங்களா?"

டவுட்டு பண்ணைக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, கேக்கறன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்த செட்டப்ப எனக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார். "உண்மையச் சொல்லிடறனுங்க. ஒவ்வொரு வாரமும் அந்த வளைவுல நீங்க சுத்தி நின்னுக்கறீங்க. நான் வந்து உங்க மேல மோதி என்ற ரேஸும் கெட்டுப்போவுது. உங்க கார் சுத்தாமப் போனாத்தானுங்க நான் ஜெயிக்க முடியும்."

டவுட்டின் முகம் பூவாக மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க. உங்க லாபத்துக்குத்தான் குடுத்தீங்க. இதை முன்னாலயே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பனுங்களே" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பண்ணைக்காரர் வீட்டில் ஒரு அட்டை முட்டை கொடுத்து அனுப்பினார்கள். வரும் வழியில் கணவனும் மனைவியும் வண்டியில் வர, நான் முட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எனக்கு மறுபடியும் மாவு வர ஆரம்பித்தது. டவுட்டு மட்டும் திருந்தவில்லை. ஒரே வித்தியாசம், இப்போதெல்லாம் சந்தேகத்தை மனசில் வைத்துக்கொள்ளாமல் நேரிலேயே கேட்டுவிடுகிறார். கம்பெனியில் எல்லோருக்கும் முன்னைவிடத் தொல்லை.

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். ஊரிலிருந்து அம்மா வந்து சேரும்வரை டவுட்டுதான் பக்கத்தில் இருந்தார். மாத்திரை அட்டையில் தேதி பார்த்தார். குளுக்கோஸ் பாட்டிலில் எழுதியிருந்ததையெல்லாம் வாய்விட்டுப் படித்தார். நர்ஸிடம், "இவருக்குத்தானுங்களா, பக்கத்து பெட்டுக்காரருக்கு இல்லீங்களே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னது. ஜுரத்தில் பாதிக் கண்ணை மூடியபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக ஒரு மனிதர் இவ்வளவு சந்தேகப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. பயமில்லாமல் தூங்கிப்போனேன்.