வடக்கே சாய்ந்த சூரியக் கடிகாரம்

பெஸ்தாரி ஜெயா,
ஜூன் 16

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தேவன் அவர்களுக்கு, மாமனார் நல்லசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். கலும்பாங்கில் நீங்களும் என் மகள் அனுஜாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

தமிழ்ப்பள்ளிக்கு நீங்கள் வரைந்து கொடுத்த சூரியக் கடிகாரத்தை, மூன்று மீட்டர் காங்கிரீட் பலகையாக நானே வார்த்து, மேலே நிழல் விழக் கம்பியும் பொருத்திவிட்டேன். பலகையின் வடக்கு ஓரம் மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் உயர வேண்டும் என்று பிளானில் போட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் எஸ்டேட்டில் வாய்க்கால் வெட்டும் ஆட்களை மேய்த்த மண்டோராக இருந்தவனுக்கு, சாய்வு என்றால் மழைத்தண்ணீருக்கு என்று தெரியாதா? ஆனால் தண்ணீர் போய் விழ வேண்டிய லோங்காங் இருப்பது வடக்கே. படித்த பிள்ளை, திசையை மாற்றிப் போட்டுவிட்டார், வெளியே சொன்னால் அவருக்குத்தான் அசிங்கம் என்று, ஒருவரிடமும் மூச்சுவிடாமல் வடக்கு ஓரத்தை அதே அளவு தாழ்த்தி, வடக்கே சாய்த்துவிட்டேன். அடித்த மழைக்கு ஒரு சொட்டு நிற்கவில்லை, மாப்பிள்ளை!

மறுநாள் காலை தலைமையாசிரியை புஷ்பவள்ளி வந்தார். "என்ன மண்டோர், மணி ஒம்பது. உங்க கல்லு ஒம்பது பத்துன்னு காட்டுதே லா?" சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் நாலு ஐம்பது. மத்தியானம் மட்டும் சரி. காலையில் ஓடி மாலையில் நொண்டுகிற கடிகாரத்தை நான் கண்டதில்லை. நிழலுக்குக்கூடக் களைப்பு வருமா? உங்கள் படிப்பில் இதற்கு விளக்கம் உண்டா? சனிக்கிழமை திறப்பு விழா. "வெள்ளிக்குள்ள சரியா காட்டலன்னா, மேல பூச்சட்டி அடுக்கிடுவேன்" என்கிறார் அந்த அம்மா. மூன்று மாத உழைப்பு, மாப்பிள்ளை. மணிக்கோடுகளைத்தான் நீங்கள் தப்பாகப் போட்டிருக்க வேண்டும். வேறு கோடு வரைந்து அனுப்புங்கள். சாய்வை மட்டும் தொடமாட்டேன், அது என் தொழில்.

இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
நல்லசாமி

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன் மனசு கேட்கவில்லை. சும்மா பார்ப்போமே என்று லோரி ஜாக்கி இரண்டு வைத்து, வடக்கு ஓரத்தை நீங்கள் சொன்ன அளவுக்கே தூக்கினேன். நிழல் என் கைக்கடிகாரம் காட்டிய மணிக்கே வந்து நின்றது. சாய்வு சூரியனுக்காமே! ஆறு சென்டிமீட்டரை அவ்வளவு தூரத்திலிருந்து அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? மன்னித்துவிடுங்கள், வெட்கமாக இருக்கிறது. இப்போது மழை பிடித்துக்கொண்டது, தண்ணீரெல்லாம் தெற்கே தலைமையாசிரியை அறைக்குள் போகிறது. வெள்ளிக்கிழமை விடியவே வந்துவிடுங்கள். உங்களுக்கென்று புது மண்வெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.