காற்றோடு போன தொப்பி

"செப்டம்பர் பதினாலு, பதினஞ்சு. மலை மேல இருக்கிற விடுதியில மூணு கட்டில் புக் பண்ணியாச்சு," என்றாள் உர்ஷ்கா, சூப் கிண்ணத்தை நகர்த்தியபடி. "உங்க முப்பதாவது கல்யாண நாளுக்கு என்னோட பரிசு. நாம மூணு பேரும் திரிக்லாவ் ஏறப் போறோம்!"

விங்கோவின் கரண்டி பாதி வழியில் நின்றது. அதிலிருந்த நூடுல்ஸ் மட்டும் நிற்காமல் சட்டையில் விழுந்தது.

"சந்தோஷத்துல உங்கப்பாவுக்குப் பேச்சே வரல, பாரு," என்றாள் அவர் மனைவி மிலோய்கா.

பேச்சு வராததற்குக் காரணம் வேறு. ராதோவ்லிட்சாவில் பிறந்து வளர்ந்த விங்கோ கோலோப், அந்த மலையைச் சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்திருக்கிறார். ஏறியதுதான் இல்லை.

நாட்டிலேயே உயரமான மலை அது; திரிக்லாவ் ஏறாதவன் பாதி ஆள் என்பது அங்கே பேச்சு. மிலோய்காவின் அப்பா அலோய்ஸ், புத்தகம் தைத்து அட்டை போடும் ஊரிலேயே பெரிய பட்டறைக்காரர், முப்பது வருஷத்துக்கு முன்னால் விங்கோ பெண் கேட்டு வந்தபோது அதற்கும் ஒரு படி மேலே போனார். "அந்த உச்சியில நிக்காதவனுக்கு என் பொண்ணு கிடையாது," என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

விங்கோவுக்கோ பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். காதலும் விடவில்லை. முதுகுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நேராக ஏரிக்கரையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டு முற்றத்தில் வெயிலில் கிடந்தார். மூக்குத் தோல் நன்றாக உரிந்ததும் திரும்பி வந்தார்.

"உச்சியில என்னா பேய்க்காத்து, மாமா! தொப்பியே பறந்துடுச்சு!"

அலோய்ஸ் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால் அருகே பார்வை கொஞ்சம் தங்கியது. "சரி," என்றார். கல்யாணம் நடந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். விங்கோவின் புளுகு முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஓடியதோடு இல்லாமல் வளர்ந்தும் விட்டது. முதலில் தொப்பி மட்டும் பறந்தது. பிறகு கழுத்துத் துணியும் சேர்ந்து பறந்தது. போன கிறிஸ்துமஸில் யாரோ ஒரு ஜெர்மன்காரரின் கூடாரமே பறந்து போனது. மாமனார் மட்டும் தன் மலையேற்றத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

"நெசமா ஏறினவங்க அப்படித்தான் இருப்பாங்க," என்பாள் மிலோய்கா, கணவனை ஓரக்கண்ணால் பார்த்து.

பரிசைக் கேட்ட மறுநாள் விங்கோ முட்டி வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். மிலோய்கா அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார், சின்னச் சுத்தியலால் தட்டினார்.

"பதினெட்டு வயசுப் பையனோட முட்டி இது. நடக்காம வெச்சுத் துருப்பிடிக்க விட்டிருக்கீங்க. மலை ஏறுங்க, தன்னால சரியாயிடும்."

அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். மிலோய்கா சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அன்று முதல் தினமும் சாயங்காலம் சர்ச் குன்றுக்கு நடை என்று ஆனது. மூன்றாவது வாரம் மூச்சு வாங்காமல் மேலே போய்விட்டதை விங்கோ கவனித்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்து காற்றைக் கையில் எடுத்தார்.

"செப்டம்பர் காத்து உனக்குத் தெரியாது, உர்ஷ்கா. கடைசி முகட்டுல ஆளையே தூக்கிட்டுப் போயிடும். நான் அனுபவப்பட்டவன் சொல்றேன்."

"எங்கப்பாவும் இதேதான் சொல்லுவார்," என்று சிரித்தாள் மிலோய்கா. "பொண்ணுங்களுக்கு அந்தக் காத்து ஆகாதாம். அதனாலேயே என்னை ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகல."

"நீ சொல்றதும் சரிதான்ப்பா," என்றாள் உர்ஷ்கா.

விங்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாடா!

"அதான் ஆகஸ்டுக்கே மாத்திட்டேன். இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அனுபவப்பட்டவர் வர்றார்னு சொன்னதும் எங்க ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்துட்டாங்க. எல்லாரும் முதல் தடவை. நீதான் எங்களுக்கு வழிகாட்டி!"

சொல்லிவிட்டு ஒரு துண்டுக் கயிற்றை மேஜைமேல் போட்டாள்.

"இது எதுக்கு?"

"என்னப்பா, தெரியாத மாதிரி கேக்கிற! முதல் தடவை உச்சி தொட்டவங்களுக்குப் பின்பக்கம் மூணு அடி போடணுமே. பழைய ஆளு நீ ஒருத்தன்தான். அம்மாவுக்கும் சேர்த்து நீயே போட்டுடு."

விங்கோ கயிற்றைப் பார்த்தார். நியாயப்படி அதில் முதல் மூன்றும் அவருக்குச் சேர வேண்டியவை.

வியாழக்கிழமை உர்ஷ்காவிடமிருந்து போன் வந்தது. "அப்பா, உச்சிக்கு ஏறினவங்கெல்லாம் கையெழுத்துப் போடற நோட்டு இருக்குமே, நீ ஏறின வருஷத்தோடது அடிவாரத்துல பத்திரமா இருக்காம். நாளைக்குப் போய் உன் பக்கத்தைப் படம் எடுத்துட்டு வரேன். கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டலாம்."

"அதெல்லாம் மழையில நனைஞ்சு நாசமாயிருக்கும்மா. வீணா அலையாதே."

"இல்லப்பா. அருமையா தைச்சு, அட்டை போட்டு வெச்சிருக்காங்களாம்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? விங்கோ போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மலையைப் பற்றிய பயம் அப்போது போன இடம் தெரியவில்லை. எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, பேர் இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்று மகள் தன்னைப் பார்க்கப் போகும் பார்வைதான் பயமாக இருந்தது. அவள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் சாப்பிட வந்திருந்தார். விங்கோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். மிலோய்கா, முப்பது வருஷத்துக்கு முன்னாடி..."

கதவு படாரென்று திறந்தது. உர்ஷ்கா கண்ணாடி போட்ட படத்தோடு ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா! இங்க பாரு! 'ஆகஸ்ட் பதினேழு. விங்கோ கோலோப், ராதோவ்லிட்சா. பேய்க்காற்று. தொப்பி பறந்துவிட்டது.' தொப்பியைக்கூட எழுதி வெச்சிருக்க!"

விங்கோ பார்த்தார். அவர் பேர்தான். அவர் ஊர்தான். அவர் தொப்பியேதான். ஒரு நிமிஷம், ஒருவேளை நிஜமாகவே ஏறித் தொலைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

மிலோய்கா எழுந்து வந்து கன்னத்தில் முத்தமிட்டாள். "இத்தனை வருஷமா நீ கதை விடறேன்னு நெனச்சேன், விங்கோ. மன்னிச்சுடு."

கயிற்றடி பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. விங்கோவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் மட்டும் எதுவும் நடக்காததுபோல் இரண்டாவது கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து பெண்கள் காபி போடப் போனார்கள். ஆண்கள் இருவரும் பால்கனிக்கு வந்தார்கள். எதிரே திரிக்லாவ் பளிச்சென்று நின்றது.

"மாமா, நான் அன்னைக்கு ஏறவே இல்ல."

"தெரியும்," என்றார் அலோய்ஸ். "மூக்குதான் உரிஞ்சிருந்துச்சு. பூட்ஸ்ல ஒரு கீறல் இல்லையே."

"அப்போ நோட்டுல என் பேரு?"

"மேல நோட்டு ரொம்பிடுச்சுன்னா தைக்கிறதுக்கு எங்க வரும்? என் பட்டறைக்குத்தானே! எவனாவது புரட்டிப் பார்த்தா என் பொண்ணு மானம் என்னாகிறது? ஒரு வரி காலியா இருந்துச்சு, எழுதிட்டேன்."

விங்கோ மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்பேர்ப்பட்ட மனிதர் தனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

"இந்தத் தடவை நெசமாவே ஏறிடறேன், மாமா. பயமாத்தான் இருக்கு. ஆனா குன்று ஏறி ஏறிக் கால் கொஞ்சம் பழகியிருக்கு. உச்சியில வெச்சு மிலோய்காகிட்டயும் உர்ஷ்காகிட்டயும் உண்மையைச் சொல்லிட்டு, முதல் அடியை நானே வாங்கிக்கிறேன்."

அலோய்ஸ் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"அப்படின்னா எனக்கும் ஒரு கட்டில் சொல்லிடு, மாப்ளே. எழுபத்தெட்டு வயசாச்சு, மேல காத்து எப்படி அடிக்குதுன்னு நானும் இன்னும் பார்த்ததில்ல."