சேவலைக் காப்பாற்ற ஒரு ரவுட்டர்

அன்று காலையில் நான் ஒரு முடிவெடுத்தேன். இனி இந்த வீட்டில் நான்தான் தலைவன். முடிவைச் சத்தமாகவும் அறிவித்தேன். கொல்லையில், சேவலிடம்.

சேவல் அதை ஆமோதித்துக் கூவியது. அதுதான் வினையாகப் போயிற்று. ஜன்னல் வழியாக ஒரு ரப்பர் செருப்பு பறந்து வந்து கூண்டின் தகரத்தில் ‘டங்’கென்று விழுந்தது.

“ஏங்க! பாடம் நடக்குது! அது வாயை நீங்க மூடுறீங்களா, நான் கழுத்தைத் திருகட்டுமா?”

செருப்புக்கும் குரலுக்கும் சொந்தக்காரி மிலாக்ரோஸ் என்கிற மிலா. என் மனைவி. ஜப்பான் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். கேபிள்காரன் சுவரில் ஓட்டை போட்டு ஒரு மோடத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த மோடத்திலிருந்து ஒரு குட்டை வயர். வயரின் மறுமுனையில், மடியில் வைக்கும் கம்ப்யூட்டர். முளையில் கட்டிய ஆடு மாதிரி அது கூடத்தை விட்டு நகராது. கூடத்து ஜன்னலுக்கு நேர் கீழே கொல்லை. கொல்லையில் என் சேவல்.

சேவல் என்றால் சும்மா சேவல் இல்லை சார். பெயர் ஜெனரல். எங்கள் ஊர் ஹாரோ மாதா கோயில் திருவிழாவின் சேவல் சண்டையில் இறக்குவதற்காகக் குஞ்சிலிருந்து வளர்க்கிறேன். அவித்த முட்டை, வைட்டமின், வெந்நீர் ஒத்தடம், தினமும் கால் பிடித்துவிடுதல். ‘எனக்கு ஒரு நாளாவது கால் பிடிச்சுவிட்டிருப்பீங்களா?’ என்று மிலா கேட்பாள். அவள் என்ன சண்டைக்கா போகப்போகிறாள்? வீட்டிலேயே ஜெயித்துவிடுகிறாளே!

நான் அனிசெட்டோ. ஆயுசில் பாதியைக் கப்பலின் எஞ்சின் அறையில் கழித்தவன். எங்கள் இலோயிலோ ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு கப்பல்காரன் தலையில்தான் விழும். ஆனால் பசிபிக் நடுவில் நின்றுபோன எஞ்சினைத் திரும்ப ஓடவைத்த தலை இது ஒன்றுதான். அந்தத் தலைக்குக் குறி வைத்துச் செருப்பு! அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

பாடம் முடிந்து அவள் கொல்லைக்கே வந்துவிட்டாள்.

“பிள்ளைங்க ‘ஆப்பிள்’னு சொல்ல வாயைத் திறந்தா இது கொக்கரக்கோங்குது. இன்னொரு தடவை கூவட்டும். டினோலாதான்.”

டினோலா என்பது இஞ்சி தட்டிப்போட்டு, பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் கோழிச்சாறு. எனக்கு உயிர். ஆனால் சட்டியில் கிடப்பது எனக்குப் பழக்கமில்லாத கோழியாக இருக்கவேண்டும்.

“சேவல்னா கூவத்தான் செய்யும். பாட்டா பாடும்? நீ மாடிக்குப் போய் நடத்தேன்!”

“வயர் மாடிக்கு வருமா? எத்தனை நாளா ஒரு ரவுட்டர் வாங்குங்கன்னு கேக்கறேன்? வயரில்லாம காத்துல வர்றதை நம்பமாட்டேன்னு சொன்னது யாரு?”

சொன்னது நான்தான். அதை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் உறுதிப்படுத்தியது. “நீதான் சொன்னே, கும்பாரே. நான் இங்கேதான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

இது பக்கத்து வீட்டு எவுசேபியோ. என் மகளுக்கு ஞானத்தகப்பன், ஆகவே எனக்குக் கும்பாரே. வேலியோரமே குடியிருப்பவன். ஜெனரல் மேல் என்னைவிட அதிக ஆசை வைத்திருப்பவன்.

“நீ சும்மா இரு,” என்றேன் அவனிடம். பிறகு மிலா பக்கம் திரும்பினேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்த வீரம்! “ரவுட்டர்தானே வேணும்? வாங்கறேன். நானே மாட்டறேன். இந்த வேலிக்குள்ள எங்க வேணும்னாலும் உக்காந்து பாடம் நடத்திக்க. ஆனா ஜெனரல் மேல ஒரு விரல் படக்கூடாது!”

“சத்தியமா?”

“ஹாரோ மாதா மேல சத்தியம்!”

“கும்பாரே, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?”

“காது குளிரக் கேட்டேன்,” என்றான் எவுசேபியோ.

மிலா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் நான் உஷாராகவேண்டும். அன்று ஆகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்!

மறுநாள் ரவுட்டர் வந்தது. கொம்பு முளைத்த கருப்புப் பெட்டி. முதுகில் வரிசையாக மஞ்சள் துளைகள். கொஞ்சம் தள்ளி, ஒதுக்கி வைத்த மாதிரி ஒரே ஒரு நீலத் துளை.

மிலா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு காயைத் தோல் சீவ ஆரம்பித்தாள்.

“என்ன காய் அது?”

“பப்பாளி.”

“எதுக்கு?”

“சும்மாதான். நீங்க வேலையைப் பாருங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு வகுப்பு இருக்கு. வகுப்பு நடந்தா பப்பாளி ஊறுகாய். நடக்கலைன்னா…” என்று ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரிலிருந்த வயரைப் பிடுங்கினேன். மஞ்சள் துளையில் செருகினேன். கொம்புகளை நிமிர்த்தினேன். விளக்கெல்லாம் கண் சிமிட்டின. கம்ப்யூட்டர் மட்டும் ‘இணையம் இல்லை’ என்றது.

“நீலத்துல செருகுங்க,” என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

“உனக்கென்ன தெரியும்? கப்பல்ல தனி நிறத்துல தனியா ஒண்ணு இருந்தா அது ஆபத்து நேரத்துக்கு. சும்மா தொட்டா சங்கு ஊதிடும். ஊரையே தண்ணியில குதிக்க வச்சிடும்.”

“இது கப்பல் இல்லை. கூடம்.”

“எனக்குச் சொல்லித்தர்றியா?”

இரண்டாவது மஞ்சளில் செருகினேன். இல்லை. மூன்றாவதில். இல்லை. கடைசி மஞ்சளில் செருகிப் பெட்டியின் தலையில் ஒரு தட்டும் தட்டினேன். எங்கள் எஞ்சின் அறையில் பாதி பம்புகள் அப்படித்தான் வழிக்கு வரும். இது வரவில்லை. என்ன பெட்டி இது? யார் செய்த பெட்டி? மனுஷன் குணம் தெரிந்து நடக்கவேண்டாமா?

பப்பாளி துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. ஊறுகாய்க்கு மெல்லிசாகச் சீவுவார்கள். அவள் போட்டுக்கொண்டிருந்தது சாற்றுக்கான துண்டம்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, அவளுக்குத் தெரியாமல் நீலத்தில் செருகினேன். சங்கு ஊதவில்லை.

“நீலத்துல செருகிட்டீங்களா?”

“ஒரு சோதனைக்கு!”

ஆனால் இப்போதும் இணையம் இல்லை. எனக்கு வந்ததே கோபம்! “பாத்தியா? உன் நீலமும் வேலை செய்யல!”

“மோடம் இன்னும் என் கம்ப்யூட்டரையே நினைச்சுக்கிட்டிருக்கு. முதல்ல யாரோட சேர்ந்துச்சோ அவங்களை விட்டு வராது. அதை அணைச்சு, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போட்டா புதுசு எதுன்னு தெரிஞ்சுக்கும்.”

“அணைக்கிறதா? ஓடிக்கிட்டிருக்கிற இயந்திரத்தையா?” நான் கொதித்துப்போனேன். “கேப்டன் உத்தரவில்லாம ஓடுற இயந்திரத்தை நிறுத்துறவன் எஞ்சின்காரனே இல்லை. என் சர்வீஸ்ல அந்தத் தப்பை நான் பண்ணினதே கிடையாது!”

மிலா கத்தியைக் கீழே வைத்தாள்.

“கேப்டன் சொல்றேன். நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் விட்டேன். திரும்பப் போட்டேன். மோடத்தில் ஒவ்வொரு விளக்காக எழுந்து நின்றது. அப்புறம் ரவுட்டரையும் போட்டேன். கம்ப்யூட்டர் வயரே இல்லாமல் உலகத்தைக் காட்டியது!

“கும்பாரே!” என்று வேலிப்பக்கம் கத்தினேன். “மாட்டிட்டேன்! தனி ஆளா மாட்டிட்டேன்!”

“ஜன்னல் ஓரமா வச்சிடுங்க,” என்றாள் மிலா. “சூடாகாம காத்தாட இருக்கட்டும்.” நல்ல யோசனையாகப் பட்டது. வைத்தேன்.

அப்புறம் வந்த நாட்களை என்னவென்று சொல்ல! மிலா மாடியில். நான் கொல்லையில். ஜெனரல் தொண்டை கிழியக் கூவினான். செருப்பு வரவில்லை. எவுசேபியோவும் நானும் பீர் குடித்துக்கொண்டே அவனுக்குப் பயிற்சி கொடுத்தோம். அவன் தாவுகிற தாவலைப் பார்த்து எவுசேபியோ கண் கலங்கினான். நானும்தான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும்.

திருவிழா அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சேவல் காலில் கட்டும் கத்தியைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். வாசலில் எவுசேபியோ மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். கூண்டைப் பார்த்தேன்.

காலி!

அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் சட்டி. மூடியைப் பிடித்தேன். மாதாவே! திறந்தேன். பயறு. உயிர் வந்தது. அப்போதுதான் கொல்லைக் கோடியிலிருந்த சான்டோல் பழமரத்துப் பக்கத்திலிருந்து கூட்டுக்குரல் கேட்டது.

“குட் மார்னிங், ஜெனரல்!”

மரநிழலில் நாற்காலி போட்டு மிலா உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலில் கம்ப்யூட்டர். திரை நிறைய ஜப்பான் பிள்ளைகள். பக்கத்தில் ஒரு மேஜைமேல், கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு, என் ஜெனரல்!

“என்னடி இது?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“வகுப்பு நடக்குது. மெதுவாப் பேசுங்க.” ஒலியை மட்டும் அணைத்தாள். “அது கூவுறதைக் கேக்கத்தான் பாதிப் பிள்ளைங்க வகுப்புக்கே வருது. அம்மாமாரு எல்லாம் பின்னாடி வந்து எட்டிப் பாக்குறாங்க. ஜன்னல் வழியாக் காட்டினா வால்தான் தெரியுது. கொல்லைக்கு வரலாம்னா வயர் எட்டல.”

“அப்ப டினோலான்னு சொன்னியே?”

“பின்னே? உங்களை நகர்த்த வேற வழி?”

“இத்தனை நாளா மாடியில பாடம் நடத்தினது?”

“சிக்னல் எங்கெல்லாம் எட்டுதுன்னு பாத்தேன். மாடியைவிட மரத்தடிதான் நல்லா எட்டுது. ஜன்னல் ஓரமா வச்சீங்கல்ல.”

“நீலம், மஞ்சள், அணைக்கிறது எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே, நீயே மாட்டித் தொலைச்சிருக்கலாமே!”

“நான் மாட்டினா மறுநாளே பிடுங்கி வீசியிருப்பீங்க. நீங்க மாட்டினதை நீங்க பிடுங்குவீங்களா?”

மாட்டேன். எஞ்சின்காரன் தன் கையால் ஓடவைத்ததை நிறுத்தமாட்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நீலத் துளையில் செருகி வைத்திருக்கிறேன்!

வாசலில் ஹாரன் அலறியது. “கும்பாரே! நேரமாச்சு! ஜெனரலைத் தூக்கிக்கிட்டு வா!”

“இன்னிக்கு இவனுக்குச் சண்டை,” என்றேன். “இதுக்காகத்தான் வளர்த்தேன். தெரியும்ல? வேலிக்குள்ள எங்க வேணும்னாலும் உக்காருன்னு சொன்னேன். சேவலைத் தரேன்னு சொல்லல!”

“நான் தடுக்கலையே! தாராளமாத் தூக்கிட்டுப் போங்க.” மிலா ஒலியைத் திறந்தாள். “ஆனா கத்தியக் கட்டிச் சண்டைக்கு அனுப்பறீங்க, உயிரோட திரும்பினாத்தான் நாளைக்கு வருவான்னு பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் கப்பல் இங்கிலீஷ் நல்லா வருமே.”

திரும்பினேன். திரை நிறைய முகங்கள். முன்பல் விழுந்த ஒரு பொடிசு ஜெனரலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று அவனைப் படம் வரைந்து, கொண்டைக்கு மேல் ஒரு தொப்பியும் போட்டுக் காட்டியது. நான் வாயைத் திறந்தேன். கப்பலில் கிரேக்கக் கேப்டனையே திட்டிய வாய். ஒரு வார்த்தை வரவேண்டுமே!

வெளியே ஹாரன் கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தது. அப்புறம் மோட்டார் சைக்கிள் தனியாகக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

“வந்ததே வந்தீங்க,” என்றாள் மிலா. “அவனைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. பிள்ளைங்களுக்கு இன்னிக்கு ‘றெக்கை’, ‘அலகு’, ‘நகம்’ சொல்லித்தரணும்.”

தூக்கிப் பிடித்தேன். ஜெனரல் என் வெள்ளைச் சட்டையில் தன் கடமையைச் செய்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்பல் இல்லாத பொடிசு என்னைக் காட்டி ஏதோ கேட்டது.

“இவரா?” என்றாள் மிலா நல்ல ஆங்கிலத்தில். “ஜெனரலோட வேலைக்காரர்.”