பிரஷர் அண்ணனின் ரேடியேட்டர் மூடி

மனதில் தோன்றியதை ஒரு நிமிடம்கூட உள்ளே வைத்துக்கொள்ளாத மனிதர் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் செஞ்சி கார் ஸ்டாண்டில் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. எல்லோருக்கும் அவர் பிரஷர் அண்ணன்.

காரணம், உலகத்தில் உள்ள அத்தனை வியாதிக்கும், சண்டைக்கும், சாவுக்கும் அவர் ஒரே விளக்கம்தான் வைத்திருந்தார். "உள்ள அடக்கி வச்சா பிரஷர் ஏறும் சார். என் மாமனார் அடக்கி அடக்கிதான் போய்ச் சேந்தாரு. நான் எதையும் அடக்கறதில்ல. இன்னா தோணுதோ அத அப்பவே எறக்கி வச்சிடுவேன். டாக்டரு மெஷின் கட்டிப் பாத்துட்டு அசந்துட்டாரு." அவருடைய ரத்த அழுத்தம் உண்மையிலேயே கச்சிதமாக இருந்தது. கேட்டவர்களுக்குத்தான் எகிறியது.

நான் அப்போது செஞ்சியில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். எங்கள் மேனேஜர் புதிதாக வந்த முதல் நாள், வாசலில் நின்ற பிரஷர் அண்ணன் அவரைப் பார்த்து, "சார், விக்கு பின்னாடி திரும்பிகினு கீது" என்றார். மேனேஜர் அதன் பிறகு அந்த ஊரில் இருந்த காலமெல்லாம் தொப்பியோடு வந்தார். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவில் எல்லோரும் குழந்தை யார் சாயல் என்று மெதுவாக ஆராய்ந்துகொண்டிருந்தபோது, "அப்படியே தாத்தா சாயலு. பாவம், பொம்பளப் புள்ள" என்று முடித்துவைத்தவரும் அவர்தான்.

கோட்டை பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏற்றிப்போவதுதான் அவர் தொழில். ஏறியதும் கண்ணாடியில் அவர்களை ஒரு பார்வை பார்ப்பார். "ராஜகிரி ஏறப் போறீங்களா? இந்தத் தொப்பைய வச்சிகினா? பாதியில ஒக்காந்துடுவீங்க. டிக்கெட்டு வாங்காதீங்க, கீழ நின்னு போட்டோ புடிச்சிகினு போங்க." தொழில் எப்படி நடந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய கொள்கை அவர் காரையும் விடவில்லை. பழைய வெள்ளைக் கார். அதன் ரேடியேட்டருக்கு மூடி கிடையாது. இருந்த மூடியை அவரே கழற்றி எறிந்துவிட்டு ஒரு கந்தல் துணியைச் சுருட்டிச் செருகியிருந்தார். "மூச்சு வுடணும் சார் வண்டி. மூக்க அடைச்சா நீ ஓடுவியா?" வண்டி நன்றாகவே மூச்சு விட்டது. கொஞ்ச தூரம் போனதும் முன்பக்கம் புகை கிளம்பும். ஓரங்கட்டி நிறுத்துவார். பயணிகள் மடியில் வைத்திருக்கும் தண்ணீர் கேனை வாங்கி ஊற்றுவார். அவர் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் மடியில் ஒரு கேன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். திருவண்ணாமலை ரோட்டில் உள்ள அடிபம்புகள் எல்லாம் அவருக்கு உறவு.

இப்படி இருந்தவருக்கு ஒரே பெண், கவிதா. திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் அப்பாவின் வாயால் போயின. முதல் மாப்பிள்ளையிடம் காபி கொடுத்துக்கொண்டே, "தம்பி, அடுத்த தீபாவளிக்குள்ள ஒனக்கு முடி மொத்தமும் போயிடும்" என்றார். இரண்டாவது வரனின் அப்பாவிடம் சொன்னதை வார இதழில் எழுத முடியாது.

மூன்றாவது வரன் அவளே பார்த்தது. அவலூர்பேட்டைப் பையன், சுரேஷ். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது பழக்கம். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஆனாலும் முறைப்படி பெண் பார்க்க வரவேண்டும் என்று பையனின் தாய்மாமா பிடிவாதம் பிடித்தார். இது தவறிப்போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று கவிதா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் வேறு விதமாகக் கேட்டாள்.

"நைனா, ஒரே ஒரு நாளு. எனக்கோசரம். வாயத் தெறக்காத."

பிரஷர் அண்ணன் முகத்தை அன்றைக்குத்தான் நான் அப்படிப் பார்த்தேன். பல் பிடுங்கப் போகிறவர் முகம். "சரி பாப்பா" என்றார்.

அவர் மனைவி சரோஜா அக்கா நிபந்தனைகளை விவரமாகச் சொன்னார். "நீதான் கார் எட்துகினு போயி கூப்டுகினு வரணும்னு அவங்க மாமா சொல்லிட்டாரு. 'ஆமாங்க', 'சரிங்க'. இந்த ரெண்டுதான் நீ பேசணும். வழியில வண்டி பொகை வுட்டா அபசகுனம்னு திரும்பிப் போயிடுவாங்க. அதுக்கு மொதல்ல மூடி போடு."

"மூடி போட்டா வெடிக்கும்டி."

"குக்கருக்கு மேல வெயிட்டு எதுக்குப் போடறேன்? உள்ள அமுக்கி வச்சாத்தான் தண்ணி சீக்கிரம் கொதிச்சி ஆவியாப் போவாது, நல்லா சூடு தாங்கும். ரொம்ப ஏறிச்சின்னா வெயிட்டு தானா தூக்கி விசிலடிக்கும். அதுக்குத்தான் அந்த வெயிட்டு. காருக்கும் அதே கததான்."

சரோஜா அக்கா எந்தப் பொறியியல் கல்லூரிக்கும் போனவரில்லை. பிரஷர் அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் குக்கரில் பருப்பு வேகவைத்து வந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால் வழக்கமான சூட்டில் அது கொதிப்பதில்லை. அழுத்தம் எல்லை தாண்டினால் ஸ்பிரிங் தூக்கிக்கொடுத்து, கொஞ்சம் தண்ணீரைப் பக்கத்துக் குழாய் வழியாக வெளியே விடும். பிடித்தும் வைக்க வேண்டும், விட வேண்டிய நேரத்தில் விடவும் வேண்டும். நம் பிரஷர் அண்ணன் இதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

கடையில் புது மூடி வாங்கி மாட்டி மேல்சித்தாமூர் வரை ஓட்டிப் பார்த்தார். நல்ல வெயில். ஓட்டம் முடிந்து நின்றதும் பக்கத்துக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் வெளியேறியது. மூடி தன் வேலையைச் செய்தது. இவர் அதை ஓட்டை மூடி என்று முடிவுகட்டினார். பெண் பார்க்கிற அன்று காலையில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"கடக்காரன் ஏமாத்திட்டான் சார். ஸ்பிரிங்கு லொட லொடன்னு ஆடுது. ஒரு பழைய செருப்ப வட்டமா வெட்டி ஸ்பிரிங்குல திணிச்சிட்டேன். இப்ப அசையாது. அந்தச் சின்னக் கொழாயையும் கட்டிட்டேன். ஒரு சொட்டு வெளிய வராது."

"அண்ணே, அது தூக்குறதுக்குத்தானே ஸ்பிரிங்கே வச்சிருக்காங்க?"

"நீ பேங்கப் பாரு."

பெண் வீட்டின் பெரிய மனிதராக நானும் கூடப் போனேன். அவலூர்பேட்டையில் பையன், அவன் அம்மா, தாய்மாமா மூவரும் தயாராக இருந்தார்கள். மூன்று பேராகப் போகக் கூடாது என்று மாமாவின் மனைவியைச் சேர்த்தார்கள். நாலு இரட்டைப்படை என்று எதிரே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். யார் வீட்டுக்கு, எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. கேசரி இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

முன் சீட்டில் பிரஷர் அண்ணன், நான், தாய்மாமா. மாமா வண்டி நகர்ந்ததும் பேச ஆரம்பித்தார்.

"என் மருமவனுக்கு மூணு எடத்துலருந்து ஜாதகம் வந்துது. நாந்தான் போனாப் போவுதுன்னு இத ஒத்துக்கினேன்."

"ஆமாங்க" என்றார் பிரஷர் அண்ணன்.

"பொண்ணு போட்டோல கொஞ்சம் கம்மிக் கலரு. பரவால்ல."

"சரிங்க."

"கல்யாணத்துக்கு அப்பறம் நர்ஸு வேலைய வுட்றணும். நைட்டு டூட்டின்னு பொம்பள வெளிய போனா எங்க மரியாத இன்னா ஆவறது?"

பிரஷர் அண்ணனின் கழுத்து நரம்பு ஸ்டீரிங்கைப் பிடித்த கைவிரல் அளவு தடித்திருந்தது. காது சிவந்திருந்தது. நான் அவர் தொடையில் மெதுவாகத் தட்டினேன். "சரிங்க" என்று பல்லுக்கு நடுவில் சொன்னார். வண்டியின் சூடு காட்டும் முள்ளும் சிவப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு மூன்று தடவை புகைவிட்டு நின்றிருக்கும் வண்டி, ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

"வண்டி பரவால்லியே" என்றார் மாமா. தூரத்தில் கோட்டை மலைகள் தெரிந்தன. "இதயா பாக்க வராங்க? வெறும் பாற. எங்க ஊரு பக்கம் இத ஒடைச்சி ஜல்லி போட்டிருப்போம்."

அப்போதுதான் வெடித்தது. முதலில் வெடித்தது கார். ரேடியேட்டரின் மேல் குழாய் பட்டாசு மாதிரி கிழிந்து, இண்டு இடுக்கு வழியாகவெல்லாம் ஆவி உள்ளே புகுந்தது. எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வேர்க்கடலைக் காட்டுக்குள் ஓடினோம். யாருக்கும் அடியில்லை. மாமாவின் வெள்ளைச் சட்டை மட்டும் துருநிறத்துக்கு மாறியிருந்தது. ஆவி அடங்கியதும் பிரஷர் அண்ணன் பானெட்டைத் திறந்து, துணியைச் சுற்றி மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்து நீல நிறச் செருப்பு வட்டம் கீழே விழுந்தது.

"செருப்பு" என்றார் மாமா. "பொண்ணு பாக்கக் கூப்டுகினு போற வண்டியில செருப்ப வச்சிருக்கான். இதவிட சகுனம் இன்னா வேணும்? திரும்புங்க எல்லாரும்."

இரண்டாவதாக பிரஷர் அண்ணன் வெடித்தார்.

"போய்யா. வந்ததுலருந்து வாய மூடிகினு வரேன். எம்பொண்ணு நைட்டு டூட்டி பாத்துத்தான் உன் தங்கச்சிய பொழைக்க வச்சா. அப்ப எங்கய்யா போச்சி ஒன் மரியாத? வேலைய வுட மாட்டா. கலரு கம்மிதான், என் கலரு. அதுக்கு இன்னா இப்ப?" இங்கே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடைத்துவைத்தது மொத்தமும் வந்துதான் நின்றது. "அவளுக்கு சமைக்கத் தெரியாது. கேசரி அவங்கம்மா கிண்டனது, அவ பேரச் சொல்வாங்க. சோடாபுட்டி கண்ணாடி போடுவா, இன்னிக்கி கழட்டி வச்சிட்டு சுவத்தப் புடிச்சிகினு வருவா. கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டா. எல்லாத்தயும் சொல்லிட்டேன். இப்ப திரும்பிப் போறதுன்னா போங்க."

சொல்லி முடித்ததும்தான் அவருக்கு மகளின் நினைவு வந்திருக்க வேண்டும். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "போச்சி சார்" என்றார் என்னிடம். "பாப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா." எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு சொட்டுக் கோபம்கூட வரவில்லை.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்த பையனின் அம்மா சேலையை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். தன் அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, நீ திரும்பிப் போறதுன்னா போ. நான் பொண்ணப் பாத்துட்டுத்தான் வருவேன். எனக்கும் கல்யாணமான நாள்லருந்து ஒங்கிட்ட இப்படி பேசணும்னுதான் இருந்துது. ஒரு பொண்ணு வூட்டுக்காரங்க வாயிலருந்து உண்மைய இப்பதான் மொத தடவையா கேக்கறேன்."

சுரேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். "கண்ணாடி எனக்குத் தெரியும் மாமா" என்றான் பிரஷர் அண்ணனிடம். "கோவமும் தெரியும்." டீக்கடையிலிருந்து வந்தவர் மட்டும் கேசரி யார் கிண்டியது என்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று தெரிவித்தார்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினோம். மாமாவும் வந்தார். தனியாக அவலூர்பேட்டைக்குப் போக அவரிடம் வேறு சட்டை இல்லை. சரோஜா அக்கா எங்களை வரவேற்க ஒற்றை நீலச் செருப்போடு வாசலுக்கு வந்தார். நான் அந்த விவகாரத்தில் தலையிடவில்லை. கவிதா கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தாள். சுரேஷ் வழியிலேயே போனில் சொல்லிவிட்டிருந்தான்.

கல்யாணம் செஞ்சியிலேயே நடந்தது. சமையல்காரர், ஐயர், போட்டோக்காரர் என்று ஒருவர் விடாமல் பிரஷர் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பெண்ணை அனுப்பிவைக்கிற நேரம் வந்தபோது, இந்த மனிதர் என்ன பேசிக் கெடுப்பாரோ என்று மொத்தத் தெருவும் பயந்து நின்றது. கவிதா காருக்குள் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, எதனா சொல்லு நைனா" என்றாள். அவர் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கார் தெருமுனை திரும்பிய பிறகும் அப்படியே நின்றார்.

எனக்குப் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. வாரம் தவறாமல் போன் செய்கிறார். என் எழுத்து, என் எடை, என் வங்கி, நான் போட்டோவில் போட்டிருக்கும் சட்டை என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வைக்கிறார். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். அன்றைக்கு ஒரு வார்த்தையும் வராமல் தெருவில் நின்ற அந்த மனிதரை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.