மீனிலிருந்து வந்தால்தான் புல் புரியும்

விளக்கம் சொல்கிறவர்களில் பல வகை உண்டு. அதில் அடியிலிருந்து தொடங்குகிறவர் தனி இனம். ஒரகடம் பஸ் எப்போது வரும் என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சாலை போடப்பட்ட வரலாற்றில் ஏறி உட்கார்ந்துகொள்வார். பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்து, கிளம்பியும் போயிருக்கும், இவர் இன்னும் ஜல்லியைத் தாண்டியிருக்க மாட்டார். தலைவலி மாத்திரை கேட்டால் மூளையிலிருந்து தொடங்குவார். சாவி கேட்டால் இரும்பிலிருந்து. "அடிப்படை தெரியாம எதையும் பேசக்கூடாதுங்க" என்பார். இவருக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு. எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

ஒரகடத்தை அடுத்த ஓர் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் துணை மேலாளராக இருக்கும் யதிராஜ் இந்த இனத்தில் சுத்த அசல். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மண்ணூர்ப் பெண் சௌந்தர்யாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

சௌந்தர்யாவின் கவலை கல்யாண மண்டபத்து ஐஸ்கிரீம். மண்டபத்தில் கரண்ட் போகும், ஜெனரேட்டர் எடுக்கும். நடுவில் ஐஸ்கிரீம் கொஞ்சம் இளகி மறுபடி உறையும். அப்போது பொடிப்பொடி ஐஸெல்லாம் சேர்ந்து பெரிதாகிவிடும், நாக்கில் மணல் போல நறநறக்கும். பனியில் வாடாத ஒரு வகைப் புல்லிலிருந்து எடுத்த புரதத்தைத் துளி கலந்து, எத்தனை தடவை இளகி உறைந்தாலும் நறநறக்காத கப் ஒன்றை அவள் செய்துவிட்டாள். சைவ சமையல் காண்ட்ராக்டர் வரதராஜுலு தை மாத முகூர்த்தங்களுக்கு இதை எடுத்துக்கொண்டால் உன் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். எடுக்காவிட்டால் இந்த மாதத்தோடு அவளுடைய தற்காலிக வேலைக் காண்ட்ராக்ட் முடிந்தது.

வரதராஜுலு வந்து மீட்டிங் ரூமில் உட்கார்ந்தார். ஏ.சி. போன வாரமே படுத்துவிட்ட ரூம் அது. மேஜையில் கப்புகள், பக்கத்தில் ஒரு கட்டு ஸ்பூன்.

"இன்னாம்மா, புச்சா ஏதோ பண்ணிக்கீறியாமே? அது எப்டி நறநறக்காம கீது?"

ஒரு ஸ்பூன் வாயில் போயிருந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். சௌந்தர்யா ஸ்பூனை எடுக்கக் கையும் நீட்டினாள். அதற்குள் யதிராஜ் தொண்டையைச் செருமிவிட்டார்.

"துருவக் கடல்ல ஒரு மீன் இருக்குங்க."

மீனைத் தட்டில் கண்டறியாத வம்சம் அவருடையது. ஆனால் இந்த மீனைப் பற்றிப் பேசினால் மட்டும் குரல் தழுதழுக்கும்.

"கடல் உப்புத் தண்ணி, சைபருக்குக் கீழ போனாலும் உறையாது. மீன் ரத்தத்துல அவ்வளவு உப்பு இல்ல. நியாயமா அது கட்டியாகணும். ஏன் ஆகல?"

"ஏன் ஆகல?" என்றார் வரதராஜுலு, மரியாதைக்கு. இந்த இனத்திடம் மரியாதைக்குக்கூடக் கேள்வி கேட்கக் கூடாது.

யதிராஜ் ஸ்பூன் கட்டைப் பிரித்தார். மேஜை மேல் சரிசமமான இடைவெளியில் வரிசை வரிசையாக அடுக்கினார். "இதுதான் ஐஸ். தண்ணித் துகளெல்லாம் இப்படித்தான் நிக்கும். மீன் ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு, அதுக்கு ஒரு பக்கம் தட்டை. அதுல வரிசையா புடைப்பு. ஐஸ்ல என்ன இடைவெளியோ, புடைப்புக்கும் அதே இடைவெளி! தட்டைப் பக்கத்தை ஒட்டி நிக்கிற தண்ணியும் ஐஸ் மாதிரியே வரிசை கட்டி நிக்கும். கிட்ட போனதும் ரெண்டும் சேர்ந்து பூட்டிக்கும். ஒரு தடவை உக்காந்தா எழுந்திருக்காது."

எழுந்திருக்காததைப் பற்றி அவருக்குச் சொல்லித்தரவும் வேண்டுமா?

"அது உக்காந்த இடத்துல ஐஸ் வளராது. நடுவுல இருக்கற சந்துல புடைச்சுக்கிட்டு வரப் பாக்கும். புடைக்கப் புடைக்க வளர்றது கஷ்டம். அப்படியே நின்னுடும்!"

சொன்னதில் ஒரு பிழை இல்லை. அதுதான் கொடுமை. சௌந்தர்யா கப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் தொடங்கிய பளபளப்பு நடுவுக்கு வந்துவிட்டது. பொடி ஐஸ் பெரிதாகாமல் புரதம் தடுக்கும். புழுங்கும் ரூமில் உருகுவதைத் தடுக்காது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சார், நம்மது மீன் இல்ல, புல்லு..."

"புல்லுக்கு வர்றேம்மா. மீன்லேர்ந்து வந்தாத்தான் புல்லு புரியும்."

வரதராஜுலுவின் முகம் மாறியது. "இன்னாது? ஐஸ்கிரீம்ல மீன் போட்டுக்கீறீங்களா?"

"இல்லைங்க ஐயா! வெறும் புல்லுதாங்க, மாடு திங்கற புல்லு மாதிரி. ஒரு வாய் சாப்ட்டுப் பாருங்களேன்" என்று சௌந்தர்யா கப்பை நீட்டினாள். கப்பில் இனிப்புப் பால் தளும்பியது. ஸ்பூன் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் மேஜையில் பனிக்கட்டியாகப் படுத்திருந்தன.

"வோணாம்மா. நறநறன்னாகூட திட்டிட்டு துன்னுட்டுப் போய்டுவாங்க. மீனுன்னு ஒருத்தன் வாயில வந்துச்சு, நான் கடைய மூடிகினு போவணும்" என்று எழுந்தார். யதிராஜ் அவரை லிஃப்ட் வரை வழியனுப்பினார். லிஃப்ட் கதவு மூடும் வரை, மீன்களிலேயே வேறு நான்கு வகைப் புரதம் உண்டு என்ற செய்தியும் கூடவே போனது.

திரும்பி வந்தவர் முகமெல்லாம் மலர்ச்சி. "எவ்வளவு ஆர்வமா கேட்டாரு பாத்தியாம்மா! சந்தேகமெல்லாம் கேட்டாரே!"

அன்று மாலை மண்ணூரில் அவள் அம்மா ஜெயம் வாசலிலேயே மறித்தாள். "இன்னாடி, வேலை இன்னாச்சு?"

"போச்சும்மா."

ஒரே சொல். ஜெயத்துக்கு எல்லாம் புரிந்தது. மேலே எதுவும் கேட்காமல் மகள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

நீங்கள் அப்படி இல்லைதான். ஆனாலும், நேற்று உங்கள் வீட்டில் யாரோ "இன்னிக்கு ஏன் லேட்?" என்று கேட்டார்களே, நீங்களும் பொறுமையாக முதலிலிருந்து சொன்னீர்களே, அப்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் சுவாரசியமான கட்டத்தில் இருந்திருப்பீர்கள்.